கழுவிய மூளையில் வெளிச்சம்

எங்கள் அலுவலகத்துக்குள் முட்டை கொண்டுவரக் கூடாது, மூளை கொண்டுவரலாம். வைட்ஃபீல்டில், பேன்ட்ரி ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், யாருடைய தயிர்சாதத்துக்கோ நறுக்கிய பப்பாளிக்கோ பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கும். மேலே ‘சாம்பிள்’ என்று ஒட்டியிருக்கும். உள்ளே ஆட்டு மூளை. அப்படிப் பெயர் வைத்துவிட்டால் அது கறி இல்லை. நாமக்கல்லிலிருந்து வந்தவளுக்கு, முட்டை வாசலிலேயே மறிக்கப்படுவது இத்தனை வருஷமாகியும் பழகவில்லை.

அந்த மூளைக்குள் வெளிச்சம் எப்படி நடமாடும் என்று கணக்கிடுவதுதான் என் பிழைப்பு. தலையோட்டில் சிறு துளையிட்டு, ஆழத்தில் இருக்கும் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுக்க சர்ஜன் ஊசியை இறக்குகிறார். ஊசி முனையில் இரண்டு கண்ணாடி இழைகள். ஒன்று வெளிச்சத்தை அனுப்பும். மற்றது திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும். அதை வைத்து, முன்னால் இருப்பது வெறும் சதையா ரத்தக்குழாயா என்று எங்கள் திரை சொல்லவேண்டும்: பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நிற்கவேண்டும். மூளைக்குள் வெளிச்சம் நேராகப் போவதில்லை. முட்டும், திரும்பும், வழி தவறும், எங்கோ விழுங்கப்படும். கொஞ்சம்தான் புறப்பட்ட வாசலுக்கு மீளும். ஒவ்வொரு வெளிச்சத் துகளையும் தாயக்கட்டை மாதிரி கம்ப்யூட்டருக்குள் உருட்டிவிட்டு, அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரைவிட்டு வந்த எல்லாருடைய ஞாபகமும் வரும்.

போன மாதம் திரையில் எங்கள் கணக்குக் கோடும் சாம்பிள் மூளையில் அளந்து எடுத்த கோடும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. முட்டை சேர்க்காத கேக் வெட்டினார்கள். நான் என் துண்டைத் தொடாமல் வைத்துவிட்டேன். இவ்வளவு அழகாக எதுவும் பொருந்தாது. நாமக்கல்லில், பண்ணையின் இருட்டறையில், அம்மாவோடு நின்று முட்டைகளை பல்புக்கு முன்னால் உருட்டிப் பார்த்து வளர்ந்தவள் நான். வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. உள்ளே எதில் ரத்தப்புள்ளி என்று யார் கண்டது? வெண்மையை நம்பாத புத்தி அங்கே ஒட்டிக்கொண்டது. எங்கள் டீம் லீட் பிரசாத், தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “உங்க ஊர்ல மாப்பிள்ளையையும் லைட்டுக்கு முன்னாடி புடிச்சுத்தான் பார்ப்பீங்களா மேடம்?”

அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை, முதல் நோயாளி. ஆனேக்கல்லைச் சேர்ந்த ஒரு பெண்மணி, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அவர் தலைக்குள் எங்கள் ஊசி போகவிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காக்ஸ் டவுனில் என் வீட்டருகே அன்வர் பாய் கறிக்கடையில் சமைக்க மூளை கேட்டேன். பேசிக்கொண்டே அதைக் குழாயடியில் பிடித்தார். சிவப்பு நூல் நூலாக ஓடி, மூளை இட்லிபோல வெளுத்தது. எத்தனையோ முறை பார்த்த காட்சி. அன்றுதான் ஓடிப்போகும் அந்தச் சிவப்பைக் கவனித்தேன். எங்கள் டீமில் என்னைத் தவிர யாரும் கறி தொடமாட்டார்கள்; அலுவலகச் சாம்பிளை மொபைல் ஆப்பில் ஆர்டர் போட்டு வாங்குவோம். ஆப்பில் வருவதும் இப்படித்தானே கழுவி வரும்? இன்னொன்று வேண்டும், கழுவாமல் வேண்டும் என்றேன். அன்வர் பாய் கத்தியைக் கீழே வைத்தார்.

“இன்னாக்கா, பழசுன்னு டவுட்டா? காலையில அறுத்த மால். கழுவாம குடுத்தா என் கடைப் பேருதான் கெடும்.”

எவ்வளவு சொல்லியும் அவர் சந்தேகம் தீரவில்லை. கடையைச் சோதிக்க வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தபடியே கட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அதில் ஊசியை இறக்கினேன். ரத்தம் நிறைந்த குழாய் கண்ணெதிரே இருக்க, திரை பச்சை காட்டியது. விஷயம் எளிது. கழுவிய மூளையில் அளந்தோம். கணக்கில் ரத்தம் இருந்ததால் முதலில் பொருந்தவில்லை. பொருந்தவேண்டும் என்பதற்காக ரத்தத்துக்கான எண்ணைக் குறைத்துக்கொண்டே போனோம். கடைசியில் கழுவிய மூளையிலேயே சரிபார்த்துக் கைதட்டினோம்.

பிரசாத்திடம் காட்டினேன். அவர் கதவைச் சாத்தினார். ஒரு மூளையை வைத்து எதுவும் முடிவு செய்யமுடியாது என்றார். நான் வேறு கம்பெனிக்குப் போகப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதே என்றார். பிறகு கன்னடத்துக்கு மாறினார். கோபம் வந்தால் அவருக்கு அதுதான் வரும். கடைசியில் தமிழில், மெதுவாக: “நம்ம ஆளுன்னு நெனச்சேன் உங்கள.”

அந்த ‘நம்ம’வுக்குள் நான் எப்போது போனேன், எப்போது வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. சர்ஜனுக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கன்னடக்காரம்மா, என்னிடம் கொச்சையாகத் தமிழ் பேசுவார். முதலில் அவருக்கும் சந்தேகம்தான், யார் என்னைப் பேசச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு அவரே கேட்டார்:

“உங்க அக்கா தலைன்னா, அந்தப் பச்சைய நம்புவீங்களா?”

“நம்பமாட்டேன் டாக்டர்.”

“ஆய்து. மிஷின் பேடா,” என்றார். சரி, மிஷின் வேண்டாம்.

வியாழக்கிழமை அவர் ஸ்கேன் படத்தை வைத்துப் பழைய முறையிலேயே துணுக்கு எடுத்தார். ஆனேக்கல் அம்மா மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாராம். எங்கள் ஊசி இறங்கியிருந்தால் குழாயில் பட்டிருக்குமா, யாருக்கும் தெரியாது. அந்தத் ‘தெரியாது’வைப் பிடித்துக்கொண்டு பிரசாத் சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு வரி அனுப்பினார்: இனிமேல் சாம்பிளை நீங்களே வாங்கி வாருங்கள்.

இப்போது திங்கட்கிழமைகளில் ஐஸ் டப்பாவோடு பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறுகிறேன். பையைச் சோதிக்கும் இயந்திரம் அதை விழுங்கி நிற்கிறது. திரையைப் பார்க்கும் காவல்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். “ஊட்டானா மேடம்?” சாப்பாடா என்கிறாள். புறப்பட்ட இடத்தில் அது சாப்பாடு. போய்ச்சேரும் இடத்தில் சாம்பிள். இரண்டுக்கும் நடுவே, ஓடும் பெட்டியில், மடியில் சில்லிட்டுக் கிடக்கும்போது அதற்கு என்ன பெயர் என்று எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை. பின்னால் வரிசை நெருக்குகிறது. ‘ஹௌது’, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்; அவள் பார்வை எஸ்கலேட்டர் வரைக்கும் கூடவே வருகிறது.