புண்ணாக்கின் பச்சை வாடை

குடவாசலுக்குத் தெற்கே காயாரோகணத்தின் அரிசி ஆலையில் பதினாறு வருஷம் நெல் அவித்தவள் கண்ணாத்தாள். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது காயாரோகணம் தன் நிலத்தை மச்சினன், மருமகன், இன்னும் பெயர் வைக்காத பேரன் என்று எல்லார் பேரிலும் எழுதிப் பார்த்தார். அப்படியும் மிஞ்சியதை சர்க்கார் எடுத்து, அதில் ஒரு ஏக்கரைக் கண்ணாத்தாளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. உடனே அவருடைய ஆட்கள் அந்த ஏக்கருக்குப் போகும் வாய்க்காலை அடைத்தார்கள். அவள் புருஷன் வீரையன் அடைப்பை வெட்டிவிட்டான். போலீஸ் வழக்குப் போட்டு அவனைக் கூட்டிப் போனது. அடைப்பு திரும்பவும் விழுந்தது.

மறுநாள் காலை கண்ணாத்தாள் எப்போதும்போல நெல் அவிக்கும் கொப்பரைக்குத் தீ மூட்டினாள். காயாரோகணமும் எப்போதும்போல வந்து, ஆவி கிளம்பிவிட்டதா என்று கேட்டார். கிளம்பிவிட்டது என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வருஷம் அவர் மாட்டுத் தீவனத் தொழிலில் இறங்கியிருந்தார். வடக்கேயிருந்து லாரியில் சோயா மொச்சை வரும். அதை உடைத்து, மிஷினில் எண்ணெய் பிழிந்து, புண்ணாக்கை நொறுக்கி ஆவியில் அவிக்க வேண்டும். பிறகு காயவைத்து அரைத்து, தவிடும் உப்பும் துளி யூரியாவும் கலந்து மூட்டை பிடிப்பார்கள். அவிப்பது மட்டும் கண்ணாத்தாள் பொறுப்பு.

பாபநாசம் பக்கத்துப் பால் சங்கம் ஒன்று அவசரமாக நூறு மூட்டை கேட்டது. விறகோ மழையில் நனைந்து கிடந்தது.

"அவிக்காமலே அரைக்கக் குடுத்திடு. மாடு என்ன ருசியா பாக்கப் போவுது?" என்றார் காயாரோகணம்.

"அவிக்காம பச்சை வாடை போகாதுங்க. நம்ம பசுவுக்கே ஒருநாள் வச்சுப் பாருங்களேன்."

அவர் பார்க்கவில்லை. மூட்டைகள் போயின. ஆறாம் நாள் திரும்பி வந்தன, கூடவே பத்துப் பதினைந்து மாட்டுக்காரர்களும் ஒரு பசுவும். ஆலை வாசலில் மூட்டையைப் பிரித்துப் பசுவின் முன்னால் வைத்தார்கள். பசு மோந்து பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, ஆலைச் சுவரில் ஒட்டியிருந்த தேர்தல் சுவரொட்டியைத் தின்ன ஆரம்பித்தது.

காயாரோகணம் கண்ணாத்தாளைப் பார்த்தார். "வாய்க்கா கோவத்தை மூட்டையில காட்டினியா? எதைக் கலந்தே?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. உள்ளே போய் இரண்டு சட்டி கொண்டுவந்தாள். ஒன்றில் அவிக்காத புண்ணாக்குத் தூள், மற்றதில் முன்பே அவித்து வைத்தது. இரண்டிலும் ஒரு பிடி யூரியாவைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மூடினாள். யூரியா கலந்த பச்சைத் தூளில் மட்டும் மூத்திர நெடி ஏறுவதை அவள் முன்பே கவனித்திருந்தாள். கூட்டம் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை காத்திருந்து அவித்ததைத் திறந்தாள். மொச்சை மணம்தான்.

"இப்ப இதைத் திறந்து மோந்து பாருங்க ஐயா."

அவர் நன்றாகக் குனிந்து திறந்தார். காயாரோகணம் கண்ணீர் விட்டு அந்த ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவிக்கணும்தான்" என்றார் இருமல் அடங்கியபின். "நாளைக்கே மொத்தத்தையும் புதுசா அவிச்சுக் குடுத்திடு."

"அவிக்கலாம். நாளைக்கு நான் வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போவணுமே" என்றாள் கண்ணாத்தாள். "வாய்க்கா திறந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."

மாட்டுக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலைக்குள் அவருடைய ஆட்களே அடைப்பை எடுத்தார்கள்.

வீரையன் மீதிருந்த வழக்கு நான்கு வருஷம் நடந்து தள்ளுபடியானது. சட்டி திறந்த அந்த நாளுக்குப் பிறகு, சட்டி வைத்துப் பார்க்காமல் அந்த ஆலையிலிருந்து ஒரு மூட்டையும் வெளியே போகவில்லை. மன்னார்குடி ஆலைக்காரர்கள்கூடச் சட்டி வைத்துப் பார்க்க அவளை வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஒருமுறை அவள் தன் ஏக்கரில் சோயா விதைத்துப் பார்த்தாள். களிமண்ணில் தண்ணீர் தேங்கி விதை அழுகிவிட்டது. அடுத்த தையில் அந்த மண்ணுக்குப் பழகிய உளுந்தையே தெளித்தாள்.