மாதா தாண்டிப் போன வாசல்

நான் பொய் சொன்னேன். பங்குச் சாமியார் சொல்லாத ஒரு சொல்லை அவர் சொன்னதாகச் சொன்னேன். ஒரு பெண்ணைக் கோயிலுக்கு வெளியே நிறுத்த அந்த ஒரு பொய் போதுமானதாக இருந்தது. அவளை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினேன்... உரக்கவே பாடினேன்!

நீங்கள் அன்று என்னைப் பார்த்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டீர்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற ஓர் ஊரில் நான் பள்ளி ஆசிரியை. கணவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும். அன்பியம் என்பார்கள். அதற்கு நான்தான் தலைவி. யார் வீட்டில் என்ன செபம், யார் வாசகம் படிப்பது, எல்லாம் நான் சொன்னபடிதான் நடக்கும்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கி, மறுநாள் மாலை மெழுகுவர்த்தியோடும் பாட்டோடும் அடுத்த வீட்டுக்குப் புறப்படும். மாதா வருகிற நாளில் குடிசையும் கல்யாண வீடாகிவிடும். எந்த வீட்டையும் விட்டுவிடக் கூடாது என்பது வழக்கம்.

அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. பக்கத்து வீட்டு அந்தோணி, பருத்திக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்தைத் தானே குடித்து இறந்துபோனான். சாமியார் அன்று வெளியூரில் இருந்தார். கோயிலில் அவருக்குத் துணையாக இருந்த உபதேசியார் வந்து செபம் சொல்லி அடக்கம் செய்தார். இப்படிச் செத்தவனுக்குக் கோயிலில் பூசை உண்டா, கிடையாதா என்று தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள். சாமியாரிடம் போய்க் கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்தோணியின் மனைவி சகாயமேரி. அக்டோபரில் மாதா அவள் வீட்டுக்கு வர வேண்டிய முறை வந்தது. அவளுக்கு அடுத்த முறை என் வீட்டுக்கு.

புரிகிறதா உங்களுக்கு? அவள் வீட்டில் தங்கிய மாதா மறுநாள் என் வீட்டுக்கு வர வேண்டும்! என் ஒரே மகன் ஜெரால்டு அப்போது பிளஸ் டூ. மருந்து குடித்துச் செத்தவன் வீட்டிலிருந்து நேராக என் பிள்ளை படிக்கிற வீட்டுக்கா? அந்த வீட்டில் இருப்பது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்? பெற்ற மகனைச் சிலுவையில் பார்த்துக்கொண்டு நின்றவள் மாதா. அவளுக்குச் சாவு வீடு தீட்டாகுமா என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தினம் ஜெபமாலை சொன்ன வாய்தான்... ஆனால் உள்ளே இருந்தது வெறும் பயம்.

அன்று மாலை சுரூபத்தை நானே கையில் ஏந்தி வந்தேன். சகாயம் வாசலில் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சாமந்தி மாலையோடு நின்றாள். கணவன் போன பிறகு அவள் முகத்தில் வெளிச்சம் பார்த்தது அன்றைக்குத்தான். நான் நடையை நிறுத்தவில்லை. "நிக்காதீங்க, நேரா எங்க வூட்டுக்கு நடங்க" என்றேன். பாட்டு பாதியில் அறுந்தது.

"டீச்சர்... இன்னைக்கி எங்க வூடுதானுங்களே?" என்றாள் அவள்.

"சாமியார் சொல்லிட்டாரும்மா. இந்த மாதிரி செத்த வூட்டுக்கு மாதா வேணாமாம். நான் என்ன பண்றது?"

எவ்வளவு வழவழப்பாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! நான் என்ன பண்றது என்று கையை வேறு விரித்திருப்பேன், கையில் மாதா இருந்ததால் முடியவில்லை.

அவள் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. "மேச வழிய அடைக்குதுங்களா?" என்று கேட்டாள். நாங்கள் தாண்டிப் போக வசதியாக, அந்த மேசையைத் தானே வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பொய்க்கு ஒரு கால் பத்தாது, இன்னொரு கால் வேண்டும். சில நாள் கழித்து சாமியார் கேட்டார்: "சகாயம் வூட்டுக்கு மாதா போச்சாம்மா?" நான் சொன்னேன்: "அவங்களே வேணாம்னுட்டாங்க சாமி. யாரையும் பாக்கப் பிடிக்கலையாம்." அவர் முகம் வாடிவிட்டது. "பாவம். கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம்" என்றார். அதற்குள் மாற்றலாகிப் போனார். பிறகு இறந்தும் போனார். இரண்டு பக்கக் கதவையும் சாத்திய சாவி என் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது.

சகாயம் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தியோடு உள்ளே நிற்கும். அவள் சுற்றுச்சுவருக்கு வெளியே நிற்பாள். சாமியார் மந்திரித்து முடித்துக் கூட்டம் கலைந்த பிறகுதான் உள்ளே வந்து அந்தோணிக்கு ஒரு திரி ஏற்றுவாள். ஒவ்வோர் ஆண்டும் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

பிறகு என் வீட்டின் முறை வந்தது.

ஜெரால்டு கல்லூரியில் பாடங்களில் தவறிக்கொண்டே வந்திருக்கிறான். எங்களிடம் சொல்லப் பயம். ஆசிரியை வீட்டுப் பிள்ளை அல்லவா! ஒரு நாள் மத்தியானம், அந்தோணி குடித்த அதே மருந்தைக் குடித்துவிட்டான்... இதை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கம்மா, மறைச்சது போதும்" என்றான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அவன் இழுத்துக்கொண்டு கிடந்தான். ஊருக்கு டெங்கு என்று சொல்லிவிட்டோம். அன்பியத்துப் பெண்கள் பழங்களோடு வந்து, வாசகம் படித்து, "ஆண்டவர் நேசிக்கிறவங்களத்தான் சோதிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். அதே சொல்லை எத்தனை கட்டிலருகே நான் சொல்லியிருப்பேன்! அது கேட்கிறவர் காதில் எப்படி விழும் என்று அன்றுதான் தெரிந்தது.

சகாயமும் வந்தாள். பிளாஸ்கில் கஞ்சி. கட்டிலுக்கு அடியில் நான் சுருட்டி வைத்திருந்த பையை இழுத்தாள். அதில் ஜெரால்டின் சட்டை இருந்தது.

"இந்த வாட எனக்குத் தெரியும்க்கா" என்றாள் மெதுவாக. அக்கா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சட்டைய நான் எடுத்துட்டுப் போயிடுறேன். வூட்டுல இருந்தா எடுத்து எடுத்துப் பாப்பீங்க. நான் அப்படித்தான் கெடந்தேன். நீங்க கெடக்க வேணாம்."

வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள். "நான் கோயிலுக்கு ஆகாதவதான். இருந்தாலும் மாதா காதுல விழும்ல?" என்று என்னிடம், என்னிடமே கேட்டாள்! நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? பிள்ளை பிழைக்கட்டும், பிறகு சொல்கிறேன் என்று நினைத்தேன். பிள்ளை பிழைத்தான். நான் சொல்லவில்லை.

அந்தோணி வீட்டுக்குச் செய்ததற்கு ஆண்டவர் கொடுத்த அடி இது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. ஒரு டீச்சருக்குப் பாடம் நடத்த ஒரு பிள்ளையின் குடலை எரிக்கிறவர் கடவுளாக இருக்க முடியாது. அந்த வார்டில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால், தரையில் உட்கார்ந்திருந்தார் என்பேன். அதற்கு முன் எனக்கு இருந்தது பக்தி. விசுவாசம் அங்கேதான் வந்தது.

அதன்பின் இப்படிப்பட்ட சாவு விழுந்த வீடுகளுக்கு நானே தேடிப் போனேன். வாசகம் படிப்பதில்லை. பாத்திரம் கழுவிக் கொடுப்பேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஊர் மெச்சியது. சென்ற தவக்காலத்தில் கோயிலில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "துன்பம் என் விசுவாசத்தை ஆழமாக்கியது" என்றேன். பலர் அழுதார்கள். சொன்னது உண்மைதான்... ஆனால் அந்த உண்மைக்கு நடுவிலும் டெங்கு என்றே சொன்னேன். சகாயத்தின் பெயரை எடுக்கவே இல்லை!

இந்த அக்டோபரில், ஒரு வீடும் விடுபடக் கூடாது என்றார் புதிய சாமியார். சகாயத்திடம் சொல்லப் போனேன். சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் மலர்ந்தது, உடனே அடங்கியது.

"வேணாம்க்கா. பெரிய சாமி சொன்னது. அவரும் செத்துட்டாரு. செத்தவரு வாக்க மீறலாமா?"

எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அவளுடைய அந்தக் கீழ்ப்படிதலைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் வாழ என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். இரண்டு பொய்யையும், என் பிள்ளைக்காகப் பயந்ததையும், எல்லாவற்றையும்.

அவள் கை நின்றது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்... திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அப்ப... அவருக்குப் பூசை வச்சிருக்கலாமுங்களா?"

"வச்சிருக்கலாம்."

"இத்தன வருசமுமா?"

தலையை ஆட்டினேன். இறந்தவரின் ஆன்மாவுக்கு ஆண்டுதோறும் ஒரு பூசை வைப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம்! நான் அவளிடமிருந்து எடுத்தது ஒரு நாள் மாதாவை மட்டுமல்ல என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவள் வெங்காயக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நேரமாச்சுங்க. வூட்டுக்குப் போங்க, டீச்சர்."

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மன்னிப்பு மந்திரம் சொன்னார். ஆண்டவரிடம் கணக்கு தீர்ந்திருக்கலாம். எனக்குத் தீரவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் அந்தோணியின் பெயரை வாசித்தார்கள். சகாயம் வந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு முன் வரிசையில் இருந்தாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. வலப்பக்கம் கை கூப்பினாள், இடப்பக்கம் கூப்பினாள். நான் கூப்பிய கையோடு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குப் பின்னால்தான் உட்காருகிறேன். அவள் இன்னும் திரும்பவில்லை. திரும்பச் சொல்லிச் செபிக்க எனக்கு வாய் வரவில்லை.