எங்கள் காட்டை அளந்த பெண்

எங்கள் காட்டில் அந்தப் பெண் படம் வரைய உட்கார்ந்த முதல் நாள், பிரஷ்ஷைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதையோ அளந்தாள். அட்டையில் கோடு போட்டாள். மறுபடி நீட்டினாள். நான் உடைமரத்தடியில் ஆடுகளோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது.

பரளச்சிப் பக்கம் உள்ள கரிசல் காடு அது. அப்பாவுக்குப் பிறகு அண்ணனுக்கும் எனக்கும் பொது, இன்னும் பிரிக்கவில்லை. சோலார் கம்பெனிக்கு நிலம் கேட்டு ஆட்கள் அலைந்த நேரம். அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார்.

"பழைய பஞ்சு மில்லுல படம் வரையுறவுக கூட்டமா வந்து தங்கியிருக்காக. அதுல ஒருத்தி. வரைஞ்சிட்டுப் போகட்டும்."

மகள் பிரசவத்துக்கு மதுரை போய்த் திரும்பி வந்தால் அண்ணன் பேச்சு மாறியிருந்தது.

"ஏ பிள்ள, அவ வரையுறவ இல்ல, நிலம் அளக்க வந்தவ. இனிமே வந்தா விரட்டிவிடு."

விரட்ட எனக்கு எங்கே வாய்? அவளே ஒருநாள் வழியில் நிறுத்தி, "அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில்லுக்கு வாங்க. படம் பார்த்துப் பேசப் போறோம். உங்க காடும் இருக்கு" என்றாள். போகாதே என்றார் அண்ணன். நான் புடவை மாற்றியதைப் பார்த்ததும் வண்டியை எடுத்தார். "தனியாப் போகாத. எதுலயாச்சும் கையெழுத்து வாங்கிருவாக."

பஞ்சு அடைத்திருந்த அறைகளில் இப்போது ஆளுக்கொரு அறையில் வரைகிறார்கள். டீயும் சுண்டலும் கொடுத்தார்கள். சும்மா கொடுப்பார்களா என்று யோசித்துக்கொண்டே வாங்கினேன். தாடிக்காரர் ஒருவர், "சரி, தப்பு எதுவும் இல்ல. கண்ணுக்குப் பட்டதைச் சொல்லுங்க" என்றார். ரெட்டியபட்டிப் பெரியவர் ஒருவர் நீலமும் பச்சையுமான ஒரு படத்தின் முன்னால் நின்று, "எங்க வீட்டுச் சுவரு மழையில ஊறுனா இப்படித்தான் இருக்கும். தெரிஞ்சிருந்தா சுண்ணாம்பு அடிச்சிருக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வரைந்தவரும் சிரித்தார். நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து எங்கள் காடு. உடைமரம் அப்படியே இருந்தது. வெடித்த கரிசலும் அப்படியே. நடுவில் குறுக்காக, மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக நின்றன.

"எங்க காட்டுல ஏது கல்லு?" கேட்டுவிட்டேன்.

அண்ணன் முந்திக்கொண்டார். "படந்தான பிள்ள. அழகுக்குப் போட்டிருப்பாக."

"இல்லண்ணே, இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக. "நீங்கதானே ஆள் வச்சு நட்டீங்க? கார்ல வந்தவங்க போட்டோகூட எடுத்தாங்களே."

அண்ணன் குடிக்காத டீயைக் கீழே வைத்தார். "நேரமாச்சு, வா."

வண்டியில் வரும்போது ஒரே ஒரு தரம் பேசினார். "நம்மளப் பிரிக்கப் பார்க்குறா அவ." எனக்கும் யாரை நம்புவது என்று தெரியவில்லை. கூடப் பிறந்தவரை விட்டுவிட்டு, பேர்கூடத் தெரியாத ஒருத்தியையா?

விடிந்ததும் ஆடுகளைப் பத்திக்கொண்டு போனேன். கல் ஒன்றும் இல்லை. திரும்ப நினைத்தபோதுதான் தரையைப் பார்த்தேன். காடு முழுக்க விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஓரிடத்தில் மட்டும் வெடிப்பே இல்லாமல், மண் பொலபொலவென்று கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதே வரிசையில் இன்னும் தள்ளி இன்னொன்று. தோண்டி மூடிய குழிகள்.

ஆடு பத்துகிற குச்சியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, குழிகளின் நேருக்குப் பார்த்தேன். ரோட்டை ஒட்டிய நல்ல நிலமெல்லாம் ஒரு பக்கம். மழைக்கு அரித்துப்போன ஓடைக்கரை மட்டும் இன்னொரு பக்கம். எது யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் வண்டி வந்து நின்றது.

"காலங்காத்தால என்ன பிள்ள பண்ற?"

கையை இறக்காமலே சொன்னேன்.

"அளக்குறேண்ணே."