பல்லில் கேட்ட சத்தம்

சமயநல்லூர் ஆண்டிச்சாமிக்குப் பத்தொன்பது வயதில் காது போயிற்று. கிணறு வெட்டும்போது பாறைக்கு வைத்த வெடி, ஆட்கள் மேலே ஏறி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது. உடம்பில் கீறல்தான். காதுகள் மட்டும் அடைத்துப்போயின. அதன் பிறகு ஊர் அவன் பெயரை மறந்தது. கூலிக்கு ஆள் பிரிக்கும்போது, "அந்தச் செவிட்டுப் பயல விடுங்கப்பா" என்பார்கள். காது போனால் கண்ணும் போய்விட்டது என்று நினைப்பு. உதட்டைப் பார்த்தே அவனுக்கு எல்லாம் விளங்கியது. அவனைக் கட்டிக்கொண்ட அன்னக்கொடி மட்டும் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசுவாள்.

ஆரப்பாளையத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்த வெள்ளைத்துரை தூரத்துச் சொந்தம். சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவ ஓர் ஆள் தேவைப்பட்டதால் அவனைச் சேர்த்துக்கொண்டார். எந்தச் சக்கரம் எதோடு சேரும், எது எந்தப் பக்கம் தேயும் என்பதெல்லாம் கழுவிக் கழுவியே அவன் கைக்குப் பாடமாயிற்று.

ஒருநாள் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்த லாரிக்கு அடியில் படுத்திருந்தான். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் திருப்புளியைப் பல்லில் கடித்திருந்தான். தலையைத் திருப்பியபோது அதன் நுனி இஞ்சினில் பட்டது. மண்டைக்குள் கடகடவென்று சத்தம்! நாலு வருஷத்துக்குப் பிறகு கேட்ட முதல் சத்தம். திருப்புளியை விலக்கினான், அடங்கியது. திரும்ப வைத்தான், எழுந்தது. அங்கேயே மல்லாந்து கிடந்து, எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து முழ நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி அவன் இடுப்பில் ஏறியது. பட்டறைக்கு வரும் வண்டி ஒவ்வொன்றிலும் அதை வைத்துப் பார்ப்பான். நல்ல பேரிங் எப்படி ஓடும், கெட்டது எப்படி அரற்றும் என்று அவன் பற்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாடிக்கைக்காரர்கள் வந்தால் வெள்ளைத்துரை அவனைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிடுவார். செவிடன் கைவைத்த வண்டி என்றால் யார் வருவார்கள் என்ற பயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், மேல மாசி வீதி வக்கீல் சாம்பசிவத்தின் கார் வந்தது. ஓட்டிவந்த டிரைவர் மருது சலித்துப்போயிருந்தான்.

"ரெண்டு பட்டறை பாத்தாச்சுண்ணே. பின் அச்சுப் பல்சக்கரமெல்லாம் புதுசா மாத்துனாங்க. அப்படியும் ஊளையிடுது. கோர்ட்டுக்குப் போனா, எசமான் வாரது தெருமுனையிலேயே தெரிஞ்சுபோகுது!"

வெள்ளைத்துரை இரண்டு தரம் ஓட்டிப்பார்த்தார். அவருக்கும் சத்தம் பின்னாலிருந்து வருவது போலத்தான் பட்டது. உதட்டைப் பிதுக்கினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி கம்பியோடு முன்னால் வந்தான்.

மருது சிரித்துவிட்டான். "என்னண்ணே, சத்தத்தைக் கண்டுபிடிக்கச் செவிடனையா விடுறீக?"

அந்த உதடுகள் சொன்னதை ஆண்டிச்சாமி படித்தான். கோபம் வரவில்லை. "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. நகட்ட வேணாம், நியூட்ரல்லயே கிடக்கட்டும்" என்றான்.

அடியில் புகுந்து கம்பியின் ஒரு முனையைக் கடித்து, மறுமுனையைக் கியர் பெட்டியில் வைத்தான். வண்டி நின்ற இடத்திலேயே அந்த ஊளை மெலிதாகக் கேட்டது. கையைக் காட்டி, கிளட்சை மிதிக்கச் சொன்னான். ஊளை நின்றது. காலை எடுக்கச் சொன்னான். மறுபடி தொடங்கியது. கம்பியை நகர்த்தி நகர்த்தி, பெட்டியின் கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் வைத்தபோது பல் கூசியது.

வெளியே வந்து கேட்டான்: "டாப் கியர்ல போனா சத்தம் கம்மியா?"

மருதுவின் சிரிப்பு போய்விட்டது. "ஆமா. ரெண்டாவதுலதான் அம்புட்டுக் கத்தலும்."

"சக்கரமே சுத்தல, பின் அச்சு எப்படிக் கத்தும்? கியர் பெட்டிக்குள்ள கீழ்த்தண்டுல இருக்கிற புஷ் தேஞ்சுபோச்சு மாமா. டாப்ல அந்தத் தண்டுக்குப் பாரமில்ல, அதான் அமுங்கிப்போகுது."

வெள்ளைத்துரை ஸ்பேனரை எடுத்து அவனிடம் நீட்டினார். "இறக்குடா பெட்டிய" என்றார்.

இறக்கினார்கள். பித்தளை வளையம் போலிருந்த அந்தப் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அதனால் தண்டு சாய்ந்து, பல்லோடு பல் சரியாகச் சேராமல் உரசியிருக்கிறது. புதிய புஷ் மதுரையில் கிடைக்கவில்லை. லேத்துப் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்து வாங்கினார்கள். முதலில் போட்டது சூடேறியதும் இறுகிக்கொண்டது. ஆண்டிச்சாமி அதைக் கழற்றி, மயிரிழை மயிரிழையாகச் சுரண்டிப் போட்டுப் பார்த்தான், திரும்பக் கழற்றினான். இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கம்பியைக் கடித்தவன், எழுந்து வந்து தலையை மட்டும் ஆட்டினான்.

வெள்ளோட்டத்துக்கு வக்கீலே வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். வெள்ளைத்துரை முன்சீட்டைக் காட்டி, "நீ ஏறு மாப்ள" என்றார். வாடிக்கைக்காரர் முன்னால் அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எந்தப் பக்கம் போக?" என்று மருது அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"சமயநல்லூர் ரோடு."

ஊர் எல்லை வந்ததும் ஆண்டிச்சாமி கையை உயர்த்தினான். "ரெண்டாவது கியர்ல போங்க. மெதுவா. அதுலதான சத்தம் வரும், நல்லாப் பாத்துருவம்."

கார் ஊரின் நடுவே மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தது. கூலிக்கு ஆள் பிரிக்கிற அரசமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆண்டிச்சாமி நேரே பார்த்தபடி, கியர்த் தடியின் தலையில் உள்ளங்கையை வைத்திருந்தான். தடியில் ஒரு நடுக்கம் இல்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த அன்னக்கொடி அவனைக் கண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சிரித்த சிரிப்பில் குடம் தளும்பி அவள் சேலை நனைந்தது.

ஊர் தாண்டியதும் வக்கீல் முன்னால் குனிந்து அவன் தோளைத் தொட்டார். அவன் திரும்பும்வரை காத்திருந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "என் காதுக்கு ஒண்ணுமே கேக்கலையேப்பா!"

"எனக்குந்தான் சாமி" என்றான் ஆண்டிச்சாமி. கார் முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகு திண்டுக்கல்லிலிருந்தும் மேலூரிலிருந்தும் வண்டிகள் வந்தன. இறங்கும் டிரைவர்கள் வெள்ளைத்துரையை விசாரிப்பதில்லை. "ஆண்டிச்சாமி அண்ணே இருக்காகளா?" என்றுதான் கேட்டார்கள்.