டெரெக் எழுதிய பெஞ்சுகள்

என் கணவர் டெரெக் இங்கிலாந்தின் ஹல் நகரில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். நுரையீரல் கெட்ட பிறகு, பிராக் நகரை மூன்று நாள் சுற்றிப் பார்க்கத் திட்டம் போட்டார். கணினியில் தெருத்தெருவாகத் தேடி, உட்கார எங்கே பெஞ்சு இருக்கிறது என்று மட்டும் எழுதிவைத்தார்.

"ஊர் பாக்கப் போறோமா, பெஞ்சு எண்ணப் போறோமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஸ்டாப் இல்லாம பஸ் ஓடுமா, ஷீலா?" என்றார்.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது இறந்துபோனார். மகள் தடுத்தும் கேட்காமல் தனியாகப் போனேன். அவர் எழுதிய ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சு கோட்டைப் படிகளுக்குக் கீழே இருந்தது. பட்டியலில் அதற்கு நேரே எழுதியிருந்தார்: "நீ மேல போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

நான் ஏறவில்லை. ஏறினால், இறங்கி வந்து அந்தக் காலி பெஞ்சைப் பார்க்க வேண்டுமே.