வெயிலில் இறங்கிய மூட்டம்

எங்கள் அப்பா பொய்யே பேசாதவர் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவர் ஜீப்பில் ஏறியவர்கள், சிரித்துவிடுவீர்கள். "இதா, இப்பக் கெளம்பிரலாங்க" என்று சொல்லிவிட்டு, வண்டி நிறையும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனால் ஸ்டியரிங் பிடித்துவிட்டால் அப்பா வேறு மனிதர்.

ஏற்காடு மலையிலுள்ள கரடியூரில் எஸ்டேட் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, லாரி கிளீனராகப் போய், அரும்பாடுபட்டுச் சொந்த ஜீப் வாங்கினார். பிரசவ வலியில் துடித்தவர்களையும், பரீட்சைக்குப் போன பிள்ளைகளையும் அடிவாரம்வரை பத்திரமாக இறக்கிய கை அது. "அவரு வண்டின்னா பயமில்லீங்க" என்று ஊர் சொன்ன சொல்தான் அவர் சேர்த்த சொத்து. அதற்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே எதையாவது குறை சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக் கண்ணாடி அழுக்கு என்று தேய்தேய் என்று தேய்த்தார். வைப்பரை மாற்றினார். எதிரே வரும் பஸ்ஸின் லைட் கண்ணில் சிதறுகிறது என்று டிரைவரைத் திட்டினார். மூக்குக்கண்ணாடியை மாற்றியும் தெளியவில்லை. வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் வாழ்கிற ஜனம் நாங்கள். மங்கலாகத் தெரிந்தால் மூட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். கண்ணைச் சந்தேகிக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சித்திரை மாத மதியம். ஏற்காட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எஸ்டேட்டில் பிக்கப் வேன் ஓட்டும் நானும் முன்சீட்டில் இருந்தேன். ஒரு வளைவில் அப்பா லைட்டைப் போட்டு, விடாமல் ஹாரன் அடித்தார்.

பின்னால் இருந்த ருக்குமணி அக்கா கேட்டார்: "ஏனுங்கண்ணா, பட்டப்பகல்ல எதுக்குங்க லைட்டு?"

"மூட்டம் எறங்கிருச்சு பாரு."

"மூட்டம் எங்கீங்க? வெயில் மண்டையப் பொளக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மலையைப் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பொத்தினார். திரும்பி வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

"கண்ணு, நீ ஓட்டு. இத்தன உசுர வச்சுக்கிட்டு நான் ஓட்டக்கூடாது சாமி."

அதுவரை பெற்ற மகள் எனக்குக்கூட அந்த ஜீப்பைத் தொட அனுமதி கிடையாது. அவர் பின்னால் போய், காய்கறி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். அப்பாவை நினைத்து நான் பெருமைப்பட்ட நாட்களில் அதுதான் முதல் நாள்.

கண்புரை என்றார் சேலத்து டாக்டரம்மா. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்து மங்கிப்போகிறது, சொட்டு மருந்தில் கரையாது, ஆபரேஷன் செய்து புது வில்லை வைத்தால் பார்வை தெளியும் என்று விளக்கினார்.

காப்பித் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சித்தப்பா விடவில்லை. "செவக்காத பழத்த யாராச்சும் பறிப்பாங்களா? பொரை நல்லா முத்தட்டுங்கண்ணா."

டாக்டரம்மா சொன்னதை அப்பா எங்கள் பாஷையில் திருப்பிச் சொன்னார்: "முத்த உட்டாத்தாண்டா கஷ்டம். செடியிலயே காஞ்ச பழம் கொப்போட ஒட்டிக்காது? வேலைக்கு எடஞ்சல்னா அப்பவே எடுத்துரணுமாம்."

முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மற்றொன்று. கசக்கவில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, சொட்டு மருந்தை வேளை தவறவிடவில்லை. கட்டவிழ்த்து வீடு வந்ததும் அடுப்படிச் சுவரில் படிந்த கரியைப் பார்த்து, "ஊடா இது?" என்றார். "ஆப்பரேசன் கண்ணுக்கா, வாய்க்கா?" என்று அம்மா கேட்டார். டாக்டர் அனுமதித்த பிறகே சாவியைத் திரும்ப வாங்கினார்.

அதன்பின் ஜீப் ஸ்டாண்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கண்ணைப் பொத்தி எதிரே நிற்கும் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்வார். "ரெண்டு கண்ணும் அண்ணந்தம்பி மாதிரி. ஒருத்தன் கொறைய இன்னொருத்தன் மறச்சிருவான்" என்பார். தடுமாறியவர்களைத் தன் ஜீப்பிலேயே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சர்க்கரை உள்ளவர்களை வருடந்தோறும் கண் காட்டச் சொல்லித் துரத்தினார். சித்தப்பாவையும் அப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சென்ற மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஜீப்பை ஓட்டினேன். மலைப்பாதையில் ஒன்றும் தெரியவில்லை. "மூட்டமா கண்ணு?" என்றார். "ஆமாங்கப்பா." தலையைத் தூக்கி வெளியே பார்த்தார். "நெசமாவே மூட்டந்தான். எனக்கும் தெரியுது. மெதுவா போ சாமி." அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் அவை.

அன்று வெயிலில் மூட்டம் எங்கே என்று கேட்ட ருக்குமணி அக்காவுக்கும், டாக்டரம்மாவுக்கும் செவிலியர்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த ஸ்டாண்ட் டிரைவர்களுக்கும், ஓராண்டாக எங்களைத் தாங்கிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். அட்டையில் அப்பாவின் படம் இருக்கிறது. கண்ணாடி அணிபவர்கள் அணிந்துகொண்டே, ஒரு கண்ணைப் பொத்தி அவரைப் பாருங்கள். பிறகு மற்றொன்றைப் பொத்திப் பாருங்கள். எதிலாவது அப்பா மங்கலாகத் தெரிந்தால், அழுகை வந்துவிட்டது என்று சமாளிக்காதீர்கள். கண் டாக்டரிடம் போங்கள்.