தகரக் கவசத்துக்கு உள்ளே

கவசத்துக்கு உள்ளே வீரர்கள் என்ன போட்டார்கள் என்று எங்கள் கன்னியர் பள்ளியில் யாரும் கவலைப்படவில்லை. நான் கவலைப்பட்டேன். உரிந்தது என் தோள் அல்லவா?

அறுபதுகளின் தொடக்கம். ஆண்டு விழா நாடகத்தில், முற்காலத்தில் போருக்குப் போன பிரெஞ்சு தேசத்துப் பெண்ணாக எனக்கு வேஷம். மட்டக்களப்பு ரவுண் கடைத்தெருவில் தகர வேலை செய்தவர் ஒருவர், மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிக் கவசம் செய்து தந்தார். முதல் ஒத்திகையிலேயே அதன் விளிம்பு தோளைக் கிழித்தது. நாடகம் பழக்கிய சிஸ்டர், "கவசம் வேணாம். வெள்ளைக் கவுனில வெள்ளித்தாள் ஒட்டுவம்" என்றார். சண்டைக்குப் போகிறவள் கவுனோடா போவாள்? முடியாது என்றேன்.

பள்ளியிலிருந்த சரித்திரப் புத்தகம் ஒன்றில் படம் இருந்தது. இரும்புக்கு உள்ளே தடித்த மெத்தைச் சட்டை. மேலிருந்து கீழாக நெருக்கமான தையல் கோடுகள். பொத்தானுக்குப் பதிலாக முன்னால் கயிறு. அதை அப்படியே தைத்துக் காட்டுகிறேன் என்று சிஸ்டரிடம் சவால் விட்டேன்.

கோடுகள் அழகுக்கு என்று நினைத்து, தலையணைபோல இலவம்பஞ்சை அடைத்து ஓரங்களை மட்டும் தைத்தேன். அடுத்த ஒத்திகையில் இரண்டு வீச்சு வாள் வீசியதும் பஞ்சு முழுவதும் வயிற்றுக்கு இறங்கிவிட்டது. "எத்தனை மாசம்கா?" என்று வகுப்பே சிரித்தது. வந்த கோபத்தில் அங்கேயே தையலைப் பிரித்தேன். பஞ்சு மேடையெல்லாம் பறந்தது, பறக்கட்டும். கோடுகள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. பழந்துணியை அடுக்கடுக்காக வைத்து, அசையாதபடி கோடு கோடாகத் தைக்க வேண்டும். வீட்டில் உடுத்திக் கிழிந்த பழைய சாரங்களை அடுக்கி, சாக்குத் தைக்கிற ஊசியால் தொடங்கினேன். துணி போதவில்லை.

அந்த ஞாயிறு நாவற்குடாவிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். எங்கள் பக்கத்தில் மாமா சொல்லைத் தாண்டிப் பெண்பிள்ளையின் காரியம் எதுவும் நடக்காது. சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"கலியாணம் பேசப்போற புள்ள, ஆம்பிளை வேஷம் போட்டு ஊருக்கு முன்னால ஆடுறதா? நாடகமும் வேணாம், ஒண்டும் வேணாம்."

சொன்னவர் யார்? இளவயதில் கூத்தில் ராணி வேஷம் கட்டி, இடுப்பை ஒடித்து நடந்து, பார்த்தவர்களைக் கிறங்க வைத்தவர்.

"நீங்க பொம்பிளை வேஷம் கட்டினீங்கதானே மாமா?"

"அது கூத்து!"

"இதுவும் ஆட்டந்தான்."

எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று அம்மாவைத் திட்டிவிட்டுப் போனார். நான் அழுதேன். இதில் அடங்கினால் இனி எல்லாவற்றிலும் அடங்க வேண்டியதுதான் என்று பயந்தேன். அம்மா அறைக்குள் போய் மாமாவின் பழைய பெட்டியைத் திறந்தார். கலியாணம் முடித்து மாமி வீட்டுக்குப் போனபோது அவர் விட்டுப்போன பெட்டி. உள்ளே ராணியின் பாவாடைகள் மடித்துக் கிடந்தன.

"மாமா கேட்டா?"

"வீடு எனக்குச் சீதனமாத் தந்தது. அதுக்குள்ள கிடக்கிறதும் என்டதான். வெட்டு புள்ள."

வெட்டினேன். உள்ளடுக்கில் வைத்ததோடு விடவில்லை. சரிகைக் கரை போட்ட சிவப்புத் துணியை வெளியே தெரியும்படி கழுத்துப்பட்டியாகத் தைத்தேன். படத்தில் கழுத்துப்பட்டி வெள்ளை. அந்த ஓரிடத்தில் மட்டும் சரித்திரத்தை மீறினேன், வேண்டுமென்றேதான்.

விழாவன்று, அம்மாவோடு மல்லுக்கட்டித் தோற்ற மாமாவும் முன்வரிசையில் முறைத்துக்கொண்டு இருந்தார். எதிரித் தளபதியாக வந்த தோழி மரவாளால் என் தோளில் ஓங்கிப் போட்டாள். தகரம் நெளிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அசையாமல் நின்றேன். அந்தச் சந்தோஷம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

திரைக்குப் பின்னால் தகரத்தைக் கழற்றும்போது மாமா வந்தார். திட்டத்தான் வந்திருப்பார். கழுத்துப்பட்டியைக் கண்டதும் குனிந்தார். சரிகையை விரலால் தடவினார்.

"இது என்ட..."

"ஓம் மாமா, உங்கட ராணிதான். விழுந்த அடி எல்லாத்தையும் அவதான் வாங்கினா."